ஈசான் கிராமங்களில் விகாரைக் கல்வியும் ஊர் மதிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் வடகிழக்கில் 20 மாகாணங்கள் அடங்கிய பகுதிக்கு ஈசான் என்று பெயர். அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் லாவோ மொழி பேசும் நெல் உழவர்கள். மண்ணில் வளம் குறைவு, சாகுபடியோ மழையை நம்பியது. பௌத்தத் துறவுக் கல்வி என்றதும் நம்மில் பலருக்கு நாளந்தா போன்ற பெருமடங்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் சாதாரண உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவைக் கொடுத்தவை பெருமடங்கள் அல்ல, ஊர் விகாரைகளே. அந்தக் கல்வி எப்படி நடந்தது, கற்றவரை ஊர் எப்படி மதித்தது என்பது பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, ஈசான் கிராமங்களை முன்வைத்து இங்கே விடை தரப்படுகிறது.

ஊர் விகாரை வழிபாட்டிடமா, பள்ளிக்கூடமா?

இரண்டும்தான். தாய் மொழியில் ‘வாட்’ எனப்படும் விகாரை வளாகத்தில் பொதுவாக மூன்று வகைக் கட்டடங்கள் இருக்கும். துறவறம் அளிக்கும் சடங்குக்கு உரிய சிறிய மண்டபத்தை ஈசான் மக்கள் ‘சிம்’ என்பார்கள். பிக்குகள் தங்கும் குடில்கள் தனியாக இருக்கும். ஊரார் கூடி உபதேசம் கேட்கவும் ஊர்ப் பொதுக்காரியம் பேசவும் திறந்த கூடம் ஒன்று உண்டு. அதற்குச் ‘சாலா’ என்று பெயர். அரசுப் பள்ளிகள் வருவதற்கு முன்பு, ஊர்ப் பையன்கள் எழுத்துக் கற்ற இடம் இந்த வளாகம் ஒன்றே. தாய்லாந்து முழுவதும் இன்று ஏறக்குறைய 40,000 விகாரைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை அரசரோ பிரபுவோ கட்டியவை அல்ல. ஊரார் தம் உழைப்பையும் மரத்தையும் கொடுத்து எழுப்பியவை. விகாரையில் கற்றவர்மீது ஊர் தனக்கென ஓர் உரிமையை உணர்வதற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஒரு பையன் எந்த வயதில், எந்த நிலையில் சேர்கிறான்?

முதல் நிலை விகாரைப் பையன். அவன் துறவி அல்ல. பிக்குகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான், காலையில் பிச்சை ஏற்கச் செல்லும்போது பின்னால் பாத்திரம் சுமந்து போவான், அவர்கள் உண்டு முடித்ததும் மிஞ்சியதை உண்பான், இடையே எழுத்துக் கற்பான். இரண்டாம் நிலை சாமணேரர். தலையை மழித்து, காவி உடுத்து, பத்துச் சீலங்கள் எனப்படும் ஒழுக்க விதிகளைக் காப்பவர். பெரும்பாலும் 10 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் இந்நிலைக்கு வருவார்கள். மூன்றாம் நிலை பிக்கு. அதற்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். 227 விதிகளைக் காக்க வேண்டும்.

இந்த மூன்று நிலைகளுள் எதுவும் வாழ்நாள் முழுவதற்குமான கட்டு அல்ல. பல இளைஞர்கள் ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை நீளும் மழைக்கால வாசம் ஒன்றை மட்டும் பிக்குவாகக் கழித்துவிட்டு வயலுக்குத் திரும்புவார்கள். சிலர் மூன்று, நான்கு மழைக்காலங்கள் தங்குவார்கள். மிகச் சிலரே கடைசிவரை தங்குவார்கள். துறவு என்றால் திரும்பி வராத பயணம் என்ற நம் பழக்கப்பட்ட எண்ணத்தை இங்கே முதலில் விலக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற எதுவும் விளங்காது.

விகாரையில் உண்மையில் என்ன கற்பிக்கப்பட்டது?

முதலில் மனப்பாடம். காலை, மாலை ஓதல்கள், இல்லங்களில் சொல்லும் காப்பு ஓதல்கள், இறப்புச் சடங்குக்குரிய பாடங்கள் என, பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அமைந்தவை ஆகியவற்றைப் பிக்கு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் பையன்கள் மனத்தில் ஏற்றினார்கள். பாலியின் பொருள் அந்த வயதில் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஓதும் குரலின் ஏற்ற இறக்கமும் நினைவாற்றலுமே அந்தக் கல்வியின் அடித்தளம். பொருள் பின்னால், சிலருக்கு மட்டும் வந்தது.

அடுத்தது எழுத்து. ஈசானில் இரண்டு எழுத்து முறைகள் வழங்கின. சமய நூல்களுக்குத் தம்ம எழுத்து. கதை, பாட்டு, ஊர்ச் சட்டம், கடிதம் ஆகியவற்றுக்குத் தாய் நோய் எனப்படும் எழுத்து. இரண்டும் ஓலையில் எழுதப்பட்டன. தாளிப்பனையின் குருத்தோலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, பிறகு துடைத்து எடுத்தால், கீறல்களில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் துலங்கும். சுவடி எழுதிய மரபில் வந்த நமக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. ஒரு சுவடியைப் படியெடுத்து விகாரைக்குத் தருவது பெரும் புண்ணியம் என்பதால், கைவேகம் உள்ள சாமணேரருக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது.

இவற்றைத் தவிர, நாள் பார்த்தல், மூலிகை மருத்துவம், தச்சு, சுதை வேலை போன்றவற்றையும் தெரிந்த பிக்குவிடம் விரும்பியவர் கற்றனர். புத்தரின் முற்பிறவிக் கதையான வேசந்தர ஜாதகத்தை ஊர் முழுவதும் கூடி ஒரு நாள் முழுக்கக் கேட்கும் ‘புன் பாவெட்’ விழாவில், ஒரு பகுதியை நல்ல குரலில் ஓதிய இளம் துறவியின் பெயர் பக்கத்து ஊர்களிலும் பேசப்படும்.

அரசுப் பள்ளிகள் வந்தபோது இந்தக் கல்வி அழிந்ததா?

உடனே அழியவில்லை, முதலில் அரசே விகாரையை நாடி வந்தது. 1898இல் மன்னர் சுலலொங்கோன், மாகாணங்களில் தொடக்கக் கல்வியைப் பரப்பும் பொறுப்பைத் தம் சகோதரரும் துறவியுமான இளவரசர் வச்சிரஞானரிடம் ஒப்படைத்தார். உள்துறையை நடத்திய இளவரசர் தம்ரொங் அதற்கு நிர்வாகத் துணை செய்தார். கட்டடம் கட்டப் பணமோ ஆசிரியரோ இல்லாத நிலையில், ஊர்தோறும் ஏற்கெனவே இருந்த சாலாவும் பிக்குவும் அரசுக்குப் பெரும் வசதியாக அமைந்தன. 1902இல் துறவியர் அமைப்புக்காக வந்த சங்கச் சட்டம், தனித்தனியாக இயங்கிய ஊர் விகாரைகளைப் பாங்காக்கின் ஒரே நிர்வாக அடுக்குக்குள் கொண்டுவந்தது. 1921இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் அது படிப்படியாக ஈசான் கிராமங்களை எட்டியது.

இழப்பு வேறொரு இடத்தில் நேர்ந்தது. புதிய பாடங்கள் மத்திய தாய் மொழியிலும் எழுத்திலும் இருந்தன. தம்ம எழுத்தும் தாய் நோய் எழுத்தும் பாடத்திட்டத்தில் இடம் பெறவில்லை. இரண்டு தலைமுறைக்குள், ஊர் விகாரையின் பேழையில் இருந்த சுவடிகளை வாசிக்க முதியவர்கள் சிலரே எஞ்சினர். ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்த அதே காலத்தில் அவர்களுடைய தாத்தாக்களின் எழுத்து அவர்களுக்கு அடைபட்டுப் போனது என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மகாசாரகாம், உபோன் ரட்சதானி முதலிய இடங்களின் பல்கலைக்கழகங்கள் பின்னாளில் சுவடிகளைப் பாதுகாக்கத் தொடங்கியது நல்ல செயல்.

துறவிகளுக்கான தேர்வுகள் எவை? அவற்றால் என்ன பயன்?

இரண்டு வரிசைகள் உள்ளன. முதலாவது ‘நக் தம்’. வச்சிரஞானர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த இது மூன்று படிகள் கொண்டது. தம்மம் (புத்தரின் போதனை), வினயம் (துறவு விதிகள்), புத்தர் வரலாறு, அறநெறிக் கட்டுரை ஆகியவற்றைத் தாய் மொழியிலேயே எழுதலாம். பாலி தெரியாத கிராமத்துப் பிக்குவும் தேர்வு எழுத வழி திறந்தது இதனால்தான். இரண்டாவது, ‘பரியன்’ எனப்படும் பாலித் தேர்வு, ஒன்பது படிகள். மூன்றாம் படியில் தேறியவரின் பெயருக்கு முன்னால் ‘மஹா’ என்ற பட்டம் சேர்கிறது. அவர் துறவைவிட்ட பிறகும் ஊர் அவரை அப்படியே அழைக்கும். ஒன்பதாம் படியை 1984ஆம் ஆண்டுச் சட்டம் இளங்கலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றது. சாமணேரராக இருக்கும்போதே ஒன்பதாம் படியில் தேறுபவர், மன்னரின் ஆதரவில் பிக்குவாக்கப்படுகிறார்.

1971இலிருந்து சாமணேரர்களுக்கான இடைநிலைப் பள்ளிகளில் பாலியோடு கணிதம், அறிவியல் போன்ற பொதுப் பாடங்களும் கற்பிக்கப்படுகின்றன. அதற்கும் மேலே, 1887இல் தோன்றிய மகாசுலலொங்கோன் நிறுவனமும் 1893இல் தோன்றிய மகாமகுட் நிறுவனமும் உள்ளன. 1997இல் இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்களாயின. ஈசானிலும் அவற்றுக்கு வளாகங்கள் உண்டு.

காவியைக் களைந்து ஊர் திரும்பினால் அவமானம் இல்லையா?

இல்லை. ஊர் மதிப்பின் உள்ளமைப்பு மிகத் தெளிவாகத் தெரியும் இடமும் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஈசானில் சாமணேரராக இருந்து திரும்பியவரைச் ‘சியங்’ என்றும், பிக்குவாக இருந்து திரும்பியவரைத் ‘தித்’ என்றும் பெயருக்கு முன்னால் சேர்த்து அழைப்பது வழக்கம். நீண்ட காலம் இருந்து, ஊராரின் சிறப்புச் செய்கையையும் பெற்றுத் திரும்பியவர் ‘சான்’, அதாவது ஆசான். அந்தச் சிறப்புச் செய்கைக்கு ‘ஹொட் சொங்’ என்று பெயர். நாகத்தின் வடிவில் செதுக்கிய நீண்ட மரத் தொட்டியின் வால் பக்கத்தில் ஊரார் வரிசையாக வந்து மணநீர் ஊற்ற, அது தொட்டி வழியாக ஓடி, கீழே அமர்ந்திருக்கும் பிக்குவின்மேல் வழியும். படிப்பும் ஒழுக்கமும் உள்ளவர் என்று ஊர் கண்டறிந்தவருக்கே இது நடக்கும். பாங்காக்கிலிருந்து வரும் பட்டங்களுக்கு முன்பே, ஒரு துறவியின் கல்விக்கு ஊர் தானே கொடுத்த பட்டம் இது.

திரும்பி வந்தவர் திருமணம் செய்துகொள்வார், உழுவார், நடுவார். பழைய வழக்கில், பெண்ணைக் கேட்டு வருபவன் துறவறம் பூண்டு மீண்டவனா என்பதைப் பெண்ணின் பெற்றோர் விசாரித்தார்கள். அப்படி இராதவன் இன்னும் பக்குவம் வராதவன் என்று கருதப்பட்டான். நடுவயதில் அவர் விகாரையின் பொறுப்பாளராகவும், சடங்குகளில் ஊரார் சார்பில் பிக்குகளிடம் சீலம் வேண்டுபவராகவும் ஆகக்கூடும். முதுமையில் ‘சூ குவான்’ சடங்கை நடத்தும் முதியவர்களும் பெரும்பாலும் முன்னாள் பிக்குகளே. பயணம் போகிறவர், நோயிலிருந்து எழுந்தவர், மணமக்கள், துறவறம் ஏற்கப் போகும் இளைஞன் ஆகியோரின் உயிராற்றலை அழைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தும் சடங்கு அது. அதற்கான நீண்ட செய்யுள்களைச் சொல்ல எழுத்தறிவு வேண்டும். அந்த எழுத்தறிவு விகாரையில் வந்தது.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் 1929இல் பிறந்து, பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய மானிடவியலாளர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா, 1960களில் உடோன் தானி மாகாணத்தின் பான் பிரான் முவான் என்ற ஊரில் ஆய்வு செய்தார். அவர் சுட்டிக்காட்டிய ஒரு பரிமாற்றம் இன்றுவரை பேசப்படுகிறது. இளைஞர்கள் துறவறம் பூண்டு பெற்றோர் தலைமுறைக்குப் புண்ணியம் சேர்க்கிறார்கள். முன்னாள் துறவிகளான முதியவர்கள் சூ குவான் செய்து இளைய தலைமுறைக்கு வாழ்வையும் நலத்தையும் வேண்டுகிறார்கள். விகாரைக் கல்வி என்பது ஒருவர் தனக்கெனச் சேர்த்துக்கொள்ளும் சொத்தாக இல்லாமல், ஊருக்குள்ளேயே சுற்றி வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. கற்றது ஊருக்குத் திரும்பியபோதுதான் அது மதிப்பாயிற்று.

சாதியோ செல்வமோ தடையாக இருந்ததா?

தாய்லாந்துக் கிராமங்களில் இந்தியாவிலோ இலங்கையிலோ உள்ளது போன்ற சாதி அமைப்பு இல்லை. துறவறச் சடங்கில் கேட்கப்படும் கேள்விகளைப் பார்த்தாலே எவை தடை என்பது தெரியும். தொழுநோய் போன்ற நோய்கள் உண்டா? நீ மனிதனா, ஆணா, அடிமையல்லாதவனா? கடன் இல்லாதவனா? அரச சேவையில் இல்லாதவனா? பெற்றோர் இசைந்தார்களா? 20 வயது நிறைந்ததா? பாத்திரமும் சீவரமும் (துறவாடை) உள்ளனவா? பிறப்பைப் பற்றிய கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே இலங்கையை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருத்தமானது. 1753இல் அன்றைய தாய்லாந்துத் தலைநகரான அயுத்தியாவிலிருந்து கண்டிக்கு வந்த உபாலி தேரர் துறவறப் பரம்பரையை அங்கே மீட்டளித்தார். அதனால் எழுந்த சியாம் நிக்காயம் என்ற துறவியர் பிரிவு விரைவிலேயே கொவிகம சாதியினருக்கு மட்டும் உரியதாயிற்று. பிற சாதியினர் பர்மாவுக்குச் சென்று துறவறம் பெற்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிக்காயத்தை நிறுவ வேண்டியிருந்தது. ஒரே வினயம், ஒரே கேள்விகள்; ஆனால் சமூகம் தன் வேலியைத் தானே போட்டது.

செல்வம் வேறு விதத்தில் செயல்படுகிறது. துறவறச் சடங்குக்கு விருந்து, ஊர்வலம், துறவிக்குரிய எட்டுப் பொருள்கள் எனச் செலவு உண்டு. வசதி இல்லாத வீட்டுப் பையனுக்கு உறவினரோ ஊர்ப் பெரியவரோ செலவை ஏற்று நடத்துவார்கள். அவர்களுக்கும் புண்ணியத்தில் பங்கு. ஆனால் சில குடும்பங்கள் இதற்காகக் கடன் வாங்குவதும், ஆடம்பரத்தில் போட்டி போடுவதும் உண்டு. கடன் உள்ளவனா என்று மண்டபத்துக்குள் கேட்கும் சடங்குக்காக வெளியே கடன் படுவது வருந்தத்தக்கது.

பிக்குவை ஊர் அன்றாடம் எப்படி நடத்துகிறது?

விடிந்ததும் பிக்குகளும் சாமணேரர்களும் வெறுங்காலோடு வரிசையாக ஊருக்குள் வருவார்கள். பெண்கள் மூங்கில் கூடையில் பசையரிசிச் சோற்றோடு வாசலில் மண்டியிட்டிருந்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடியாக இடுவார்கள். கறி, மீன், கீரை ஆகியவற்றைப் பிறகு விகாரைக்கே எடுத்துப் போவார்கள். நன்றி சொல்லும் வழக்கம் இல்லை, ஏனெனில் பெறுபவர் அல்ல, இடுபவரே புண்ணியம் அடைகிறார்.

துறவறம் பூண்ட நிமிடத்திலிருந்து தாய் தன் மகனை வணங்குகிறாள். மகன் திருப்பி வணங்குவதில்லை. அவள் கையிலிருந்து எதையும் அவர் நேரடியாக வாங்கமாட்டார். தரையில் ஒரு துணியை விரித்து அதன் முனையைப் பிடித்துக்கொள்வார், அவள் பொருளை அத்துணிமேல் வைப்பாள். காவியின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு பெற்றோர் சொர்க்கம் செல்வார்கள் என்பது தாய் மக்களின் வழக்கு.

அப்படியானால் பிக்குவுக்கு அதிகாரமும் உண்டா?

செல்வாக்கு உண்டு, அதிகாரம் இல்லை. பாலம், கிணறு, பள்ளி எனப் பொதுவேலைக்கு ஆளும் பணமும் திரட்ட விகாரைத் தலைவரின் ஒரு சொல் போதும். சண்டையிட்ட குடும்பங்கள் அவர் முன்னால் சமாதானமாகும். ஆனால் தேர்தலில் பிக்குவோ சாமணேரரோ வாக்களிக்க அரசமைப்புச் சட்டம் இடம் தருவதில்லை. ஊர்த் தலைவர் பதவியும் இல்லறத்தாருக்கே உரியது. ஒழுக்கம் கெட்டவர் என்று ஊர் முடிவு செய்தால் பாத்திரத்தில் சோறு விழாது.

ஏழைச் சிறுவனுக்கு இது உண்மையிலேயே முன்னேறும் வழியா?

ஆம், நெடுங்காலம் அதுவே ஒரே வழி. வரலாற்றாய்வாளர் டேவிட் வையட் இதை 1960களிலேயே எடுத்துக்காட்டினார். உபோன் பகுதியில் 1867இல் பிறந்த உவான் திஸ்ஸோ தேரர், 1941ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் நாட்டின் முதல் சங்கநாயகர், அதாவது சங்க நிர்வாகத்தின் தலைவர் ஆனார். அதே மாகாணத்தில் 1918இல் உழவர் குடும்பத்தில் பிறந்த சா சுபத்தர், சிறுவயதில் சாமணேரராக இருந்துவிட்டு வீட்டு வேலைக்காகத் திரும்பி, 1939இல் பிக்குவானார். 1954இல் தம் பிறந்த ஊருக்கு அருகிலேயே வாட் நோங் பா போங் வனவிகாரையை நிறுவினார், பின்னாளில் உலகம் அங்கே தேடி வந்தது. ஈசானுக்கு வெளியே, சுபன்புரியில் 1938இல் பிறந்த பிரயுத் பயுத்தோ, சாமணேரராகவே ஒன்பதாம் படியில் தேறி, 1994இல் யுனெஸ்கோவின் அமைதிக் கல்விப் பரிசைப் பெற்றார்.

ஆனால் உச்சிக்குப் போனவர்களை மட்டும் எண்ணுவது சரியல்ல. மாகாணத் தலைநகரின் விகாரையில் தங்கி, பட்டம் பெற்று, துறவை விட்டு, பள்ளி ஆசிரியராகவோ அலுவலராகவோ ஆன கிராமத்து இளைஞர்கள் பலர். விகாரையைப் படிக்கட்டாகப் பயன்படுத்திவிட்டுப் போகிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கு வேறு எந்த வழியும் இல்லாத காலத்தில், உணவும் உறைவிடமும் புத்தகமும் கொடுத்த அமைப்பு அது.

பெண்களுக்கு என்ன கிடைத்தது?

மிகக் குறைவு. அரிசி இட்டவள் அவள், சீவரத்துக்கு நூல் நூற்றவள் அவள், மகனைக் கொடுத்தவள் அவள். எழுத்து மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. 1921ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் சிறுமிகளுக்கும் பொருந்தியது என்பதால், அண்ணன் ஓதக் கற்ற அதே சாலாவில் தங்கையும் பலகையோடு அமர முடிந்தது. பழைய ஏற்பாட்டின் சிறப்பைப் பேசும் எவரும் இந்த உண்மையைத் தள்ளிவிட முடியாது.

வெள்ளை உடுத்து எட்டுச் சீலம் காக்கும் ‘மே சி’ பெண்கள் உண்டு, ஆனால் சங்கச் சட்டப்படி அவர்கள் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். பல விகாரைகளில் சமையலும் துப்புரவுமே அவர்களுக்கு வாய்த்தன. நரின் பாசித் என்பவரின் மகள்கள் துறவறம் பூண்டதையடுத்து, 1928இல் நாட்டின் தலைமைத் துறவியான சங்கராஜர், பெண்களுக்குத் துறவறம் அளிக்கக் கூடாது என்று பிக்குகளுக்கு ஆணையிட்டார். முன்னாள் பேராசிரியரான தம்மனந்தா 2003இல் இலங்கையில்தான் பிக்குணியாக முடிந்தது. தேர்வுக் களத்தில் நிலைமை சற்று மேல்: பாலியில் மே சிகளும் ஒன்பதாம் படிக்கு இணையான தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள், நாகோன் ரட்சசிமா மாகாணத்தில் அவர்களுக்கெனக் கல்லூரியும் இருக்கிறது.

இன்றைய கிராமத்தில் நிலைமை என்ன?

கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகளாக உயர்ந்து, அரசு இடைநிலைப் பள்ளிகள் கிராமத்துக்கு அருகிலேயே வந்தபின், படிப்புக்காகச் சாமணேரராவோர் குறைந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான்; அவர்களையும் பாங்காக்கின் வேலை அழைத்துப் போகிறது. ஒரு மழைக்காலம் தங்கிய வழக்கம் 15 நாள், 7 நாள் என்று சுருங்கிவருகிறது, அரசு ஊழியர் இதற்காக 120 நாள் வரை விடுப்பு எடுக்கலாம் என்ற விதி இருந்தும்கூட. ஏப்ரல் விடுமுறையில் சிறுவர்களைச் சில வாரங்களுக்குச் சாமணேரராக்கும் முகாம்கள் பெருகியுள்ளன; அவற்றில் ஒழுக்கமும் ஓதலும் கற்பிக்கப்படுகின்றன, எழுத்தறிவுக்கு இப்போது விகாரை தேவையில்லை.

சாமணேரர் பள்ளிகளில் இன்று இருப்பவர்கள் பெரும்பாலும் மிக ஏழை வீட்டுப் பிள்ளைகள், பெற்றோர் பிரிந்த பிள்ளைகள், எல்லையோர மலைமக்களின் பிள்ளைகள். சிறிய ஊர்களில் ஒரே ஒரு முதிய பிக்கு மட்டும் தங்கியிருக்கும் விகாரைகள் உண்டு. புன் பாவெட் ஓதலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து துறவிகளை அழைத்து வருகிறார்கள். சூ குவான் செய்யுள்களை இப்போது அச்சிட்ட தாய் எழுத்துப் புத்தகத்திலிருந்து வாசிக்கும் முதியவர்களும் பெரும்பாலும் முன்னாள் பிக்குகளே, அவர்களை ஊர் இன்னும் ‘சான்’ என்றே அழைக்கிறது.